குறைவெண் வரன்

பெண் பார்க்க வந்தவர்கள் மூச்சுக்கவசத்தைக் கழற்றியதும், மாப்பிள்ளை சட்டைக் காலரைத் தாழ்த்திப் பிடரியைக் காட்ட வேண்டும். அங்கே தோலுக்கடியில் எண்சில்லு இருக்கிறது. சேந்தன் காட்டினான். பகுப்பான் என்ற கருவி படித்தது.

"1,07,37,41,824. குறைவெண்."

செவ்வாயில் குடியேறியவர்கள் சாதியையும் ஜாதகத்தையும் பூமியிலேயே விட்டுவர விரும்பினார்கள். அதனால் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் குலுக்கலில் ஓர் எண் கொடுத்தார்கள். மூன்றாவது தலைமுறை அந்த எண்களை வகைபிரிக்கத் தொடங்கியது. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் வகுத்திகளில் அந்த எண்ணை மட்டும் தவிர்த்து மற்றவற்றைக் கூட்டினால், கூட்டுத்தொகை அதே எண்ணாக வர வேண்டும். வந்தால் நிறைவெண். குறைந்தால் குறைவெண்.

சேந்தனும் இளவெயினியும் ஆக்சிஜன் ஆலையில் ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள். இருவரும் முடிவு செய்து இரண்டு வருடமாகிறது. வீட்டார் சம்மதம்தான் பாக்கி.

"எவ்வளவு குறையுது?" என்றார் பெண்ணின் அப்பா மாசிலாமணி.

"ஒன்று," என்றது பகுப்பான்.

"ஒண்ணோ நூறோ, குறை குறைதானே. நாங்க வீட்டோட பகா எண்ணுங்க. தன்னையும் ஒண்ணையும் தவிர வேற எதாலயும் வகுபடாது. குறைவெண்ணுக்குப் பொண்ணு குடுத்துப் பழக்கமில்ல."

சேந்தனின் அம்மா பங்கஜவல்லி விடவில்லை. "உங்க பொண்ணோடதையும் கூட்டிப் பாருங்களேன். மொத்தமே ஒண்ணுதான் வரும். என் பையனுக்கு ஒண்ணுதான் குறை. உங்க பொண்ணுக்கு ஒண்ணைத் தவிர எல்லாமே குறை!"

மாசிலாமணி பகுப்பானைப் பார்த்தார். அது ஆமோதித்தது.

"இருக்கட்டும். எங்களோடது சுத்தமான குறை."

இளவெயினி எழுந்து வந்தாள். "அப்பா, ரெண்டையும் பெருக்கச் சொல்லுங்க."

அவளுடைய எண் 2,14,74,83,647. பகுப்பான் பெருக்கியது. பத்தொன்பது இலக்கத்தில் விடை வந்தது. அதைத் தவிர்த்து அதன் மற்ற வகுத்திகளைக் கூட்டியபோது, அதே பத்தொன்பது இலக்கம் ஒன்றுகூடப் பிசகாமல் திரும்ப வந்தது.

"நிறைவெண். இந்தக் குடியேற்றத்தில் இதுவரை எந்த ஜோடிக்கும் அமையாதது."

"அப்படிப் போடு!" என்றார் மாசிலாமணி. பங்கஜவல்லி இளவெயினியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கல்யாணப் பத்திரிகை பற்றிப் பேச்சு வந்தது.

"பொண்ணோட எண்தான் பெருசு. அதை முதல்ல போட்டுடலாம் சம்பந்தி."

"மாப்பிள்ளை எண்ணைப் பின்னால போடுவாங்களா எங்கயாவது?"

"பின்னாலயே இருக்கட்டும்மா," என்றான் சேந்தன்.

"நீ பேசாம இருடா. நாளைக்கு நாலு பேர் முன்னால தலைகாட்டப் போறது நான்."

பகுப்பான் குறுக்கிட்டது. "எதை முதலில் வைத்துப் பெருக்கினாலும் விடை ஒன்றுதான்."

"விடையை யார் கேட்டா?" என்றார் மாசிலாமணி. "யார் முதல்லன்னுதான் கேக்குறோம்."

பங்கஜவல்லி எழுந்து தன் மூச்சுக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். சேந்தன் எழவில்லை. அவனுடையதை அவளே அவன் முகத்தில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள்.