ஒரே ஒரு வைத்தியர்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஐயாக்கண்ணு ஒரு நிபந்தனை போட்டான்.

"இதா பாரு மல்லிகா. ஒரே ஒரு வைத்தியர்கிட்டதான் மருந்து குடிப்பேன். கேக்கலைன்னா அத்தோட உட்டுடணும். அப்பறம் என்னைய எங்கயும் இழுத்துட்டுப் போகக்கூடாது."

மல்லிகா சரி என்றாள். வேறென்ன சொல்வது? ஈரல் கெட்டுக்கொண்டே வருகிறது, குடியை நிறுத்தாவிட்டால் அடுத்த ஆடியைப் பார்க்கமாட்டார் என்று சேலத்து டாக்டர் கைவிரித்துவிட்டார். மலையில் பச்சிலைச் சாறு கொடுத்து, வாந்தி எடுக்கவைத்து, குடியையே மறக்கடிக்கிற வைத்தியர்கள் உண்டென்று கேள்விப்பட்டு, புருஷனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தாள். ஒரே ஒரு வாய்ப்பு. அந்த ஒரு ஆளை அவள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பிசகினால் பழியும் அவளுக்குத்தான். குடிப்பது அவன், பேச்சு வாங்குவது இவள் என்றுதான் அவர்களுடைய குடித்தனமே நடந்துகொண்டிருந்தது.

டீக்கடை செல்வமேரியிடம் விசாரித்தாள்.

"கிளியூர்ல பெருமாள் இருக்காருங்க. வெள்ளக்கடையில குழந்தைவேல். கரடியூர் போற வழியில பொன்னுவேல்னு ஒரு பேரு கேட்டிருக்கேன், ஆளைப் பார்த்ததில்லைங்க."

வைத்தியரைச் சோதிக்க மல்லிகாவிடம் ஒரு கேள்வி இருந்தது. அவள் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுத்தவர். மூலிகை பறிக்க ஒரு முறை உண்டென்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செடிக்கு முதலில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, உன்னை எடுத்துக்கொள்ளப் போகிறேன், உயிரோடு வா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இரும்பு படாமல், வேர் அறாமல் கையால் பிடுங்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்தான் வைத்தியர், மற்றவரெல்லாம் தழை வியாபாரி.

கிளியூர் பெருமாளிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

"காப்பா? அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு டப்பாவிலிருந்து பொடியைக் கொட்டினார். டப்பாவில் சேலத்தில் அவள் தெருமுனைக் கடையின் பெயர் ஒட்டியிருந்தது. இதை வாங்கவா மலை ஏறி வந்தோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளம்பும்போது பெருமாள் ஒரு புத்திமதி வேறு சொன்னார். "வெள்ளக்கடைக்காரன்கிட்ட போயிடாதீங்க. அவனுக்கு வேப்பிலைக்கும் கறிவேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாது."

வெள்ளக்கடைக் குழந்தைவேல்மேல் காலையிலேயே சாராய வாடை அடித்தது. அன்றைக்கு முதன்முறையாக ஐயாக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. மல்லிகா புருஷனின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"பெருமாள் பெரிய களவாணிங்க" என்று குழந்தைவேல் பின்னாலேயே வந்தார். "எங்கிட்டயே இருங்க."

"நாங்க பொன்னுவேலைப் பார்க்கப் போறமுங்க."

அவர் நின்றுவிட்டார். குரல் தாழ்ந்தது. "அங்க போவாதீங்க. அந்த ஊட்ல ஆளில்லைங்க."

இவன் அவனைச் சொல்ல, அவன் இவனைச் சொல்ல, கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. இதுவும் தொழில் போட்டிதான் என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் காதில் விழுந்த ஒரே உண்மை குழந்தைவேல் சொன்ன அதுதான்.

ஒரு எஸ்டேட் ஜீப் அவர்களைக் கரடியூர்ப் பாதையில் இறக்கிவிட்டுப் போனது. பட்டப்பகல்தான், ஆனால் பனிமூட்டம் காப்பிச் செடிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. நடக்க நடக்கப் பறவைச் சத்தமும் நின்றுபோனது. ஈரமண் வாசனையோடு, கசக்கிய இலையின் கசப்பு வாடை ஒன்று கலந்து வந்தது. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே மல்லிகா நடந்தாள். மூட்டத்துக்குள் ஒரு ஓட்டு வீடு தெரிந்தது. அதைச் சுற்றிலும் பச்சிலைச் செடிகள். ஒவ்வொரு தண்டிலும் மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

அவள் கண் கலங்கியது. அப்பாடா, ஒரு மனிதராவது முறையாகச் செய்கிறார்.

"வா கண்ணு."

வாசலில் ஒரு பெரியவர் நின்றார். வேட்டியும் துண்டும் வெள்ளை வெளேரென்றிருந்தன. கைகளில் மட்டும் மணிக்கட்டு வரை மண்.

"பொன்னுவேலுங்களா?"

அவர் தலையசைத்தார். செடிகளில் நூலைப் பார்த்துவிட்டதால், காப்பைப் பற்றிய கேள்வியை அவள் கேட்கவே இல்லை. அவரும் எதுவும் விசாரிக்காமல், ஐயாக்கண்ணுவின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். "இவரு கை சில்லுன்னு இருக்குது மல்லிகா" என்று ஐயாக்கண்ணு கிசுகிசுத்தான். வீட்டுக்குள் மூலையில், அடுப்பிலிருந்த மருந்துச் சட்டியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அடுப்பில் தீ இல்லை.

அதை அவள் பார்த்தாள். பார்த்தும், இத்தனை அலைச்சலுக்குப் பிறகு திரும்பிப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"நீ வெளிய இரு. கூப்புடுவான். குடிகாரன் பேச்சு உனக்குத் தெரியாததா கண்ணு? உள்ள வராத."

கதவு சாத்திக்கொண்டது.

முதலில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும்தான்.

"மல்லிகா."

அவள் அசையவில்லை.

"மல்லிகா, போலாம். இனிமே குடிக்கமாட்டேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்தை அவன் பிள்ளைகள் தலையில் அடித்துச் செய்திருக்கிறான், அவள் தாலியைத் தொட்டுச் செய்திருக்கிறான். கேட்டதும் அவளுக்குத் தாளமுடியாத கோபம் வந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"வேரோட வருது, மல்லிகா."

அதுவும் கேட்டது.

பிறகு அமைதி.

கதவு திறந்தது. ஐயாக்கண்ணு நிமிர்ந்து நடந்து வந்தான். வருடக்கணக்காக நடுங்கிக்கொண்டிருந்த கை நடுங்கவில்லை. கண்ணில் இருந்த காமாலை மஞ்சளும் இல்லை.

"போலாமுங்க" என்றான்.

தாலி கட்டிய நாளிலிருந்து அவன் அவளிடம் ஒரு 'ங்க' போட்டதில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பெரியவரைக் காணோம்.

பாதையில் காப்பி மூட்டையோடு பெரியண்ணன் என்ற தோட்டக்காரர் எதிரே வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

"பொன்னுவேல் வைத்தியர் ஊட்லிருந்துங்க."

"அவரு செத்து நொம்ப வருசமாச்சுங்களே. ஊடு பூட்டித்தான் கெடக்குது."

"இப்பத்தான் மருந்து குடிச்சுட்டு வாறமுங்க."

பெரியண்ணனின் பார்வை ஐயாக்கண்ணுவின் மணிக்கட்டுக்குப் போனது. மூட்டையை இறக்கிவிட்டு, செடிகளுக்குள் ஒதுங்கி நின்று அவனுக்கு வழி விட்டார்.

காப்புக் கட்டுவது பிடுங்கப்போகிற செடிக்குத்தான். மல்லிகாவுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"மல்லிகா…"

குரல் பின்னாலிருந்து, மூட்டத்துக்குள் கிடந்த வீட்டின் பக்கமிருந்து வந்தது.

ஐயாக்கண்ணு முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

"மல்லிகா, உட்டுட்டுப் போவாத."

அவள் நின்றாள். திரும்பி ஓடிக் கதவை உடைத்திருக்கலாம். ஆனால் அங்கே கூப்பிடுவது, அவளை அடித்தவன், நகையை விற்றுக் குடித்தவன். முன்னால் போகிறது எதுவோ, அது தள்ளாடாமல் போகிறது. அவள் களைத்துப் போயிருந்தாள். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

அழுதுகொண்டே முன்னால் நடந்தாள்.

சேலத்தில் தெருவே மூக்கின்மேல் விரலை வைத்தது. சாராயக்கடைப் பக்கம் ஐயாக்கண்ணு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிறான், பிள்ளைகளை அதட்டுவதில்லை, தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறான். மல்லிகாதான் இளைத்துக்கொண்டே வந்தாள்.

ஆடி பிறந்தது. அன்று மதியம் பக்கத்து வீட்டுக் காமாட்சி வந்து உட்கார்ந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"எங்க ஊட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேங்க்கா. எந்த வைத்தியர்னு சொல்லுங்க."

"வேண்டாம் காமாட்சி" என்றாள் மல்லிகா. "அங்க மட்டும் போயிடாத. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

காமாட்சியின் முகம் சுருங்கியது. தன் புருஷன் திருந்திவிட்டான், அடுத்தவள் புருஷன் திருந்துவது இவளுக்குப் பொறுக்கவில்லை என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

உள்ளறையிலிருந்து ஐயாக்கண்ணு வந்து நிலைப்படியில் நின்றான்.

"மலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை கண்ணு" என்றான் காமாட்சியிடம். "அவனை இங்கயே கூட்டியா."