வரிசையில் கடைசி ஆள்

வரிசையில் கடைசியாக நடந்தவர் ரத்தினவேல்தான். அவருக்குப் பின்னால் ஒருவரும் கிடையாது. அப்படியிருக்க, அவர் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி எடுத்துக் கொஞ்சம் கழித்து, அதே குழியிலிருந்து இன்னொரு கால் பிடுங்கப்படும் சத்தம் கேட்டது.

நின்று திரும்பிப் பார்த்தார். கோட்டைப்பட்டினத்தில் கிளம்பி அவர்கள் நடந்து வந்த கரை சாம்பல் பூத்து நீளமாகக் கிடந்தது. ஒரு பக்கம் கடல், அலையே இல்லாமல், மடையை மூடி வைத்த கண்மாய் மாதிரி. மறுபக்கம் சீமைக்கருவேலங்காடு. நடுவில் சேறு, அதில் ஒற்றை வரிசையாகக் காலடிகள். கரையொதுங்கிய பாசி வெயிலில் வெந்து அழுகுகிற வாடை மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. நண்டுகள் வளைக்குள் ஓடின. ஆள் இல்லை.

நண்டாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். நண்டுக்கு எங்கே அவ்வளவு கனமான கால் என்று மனசு கேட்டது. மனசைப் பேசாமல் வா என்று அதட்டிவிட்டு நடந்தார்.

காசு கொடுத்து நடக்கிறவர்களை அவர் இதற்கு முன் கண்டதில்லை. கீரமங்கலத்தில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கடலோரமாக நடந்து போவதற்கு ஒரு வழிகாட்டி, தங்க ஓர் இடம், மீன் குழம்புச் சோறு, திரும்பக் கொண்டுபோய் விட ஒரு வேன். எல்லாம் மகள் அமராவதி கத்தாரில் இருந்துகொண்டே செய்த ஏற்பாடு. அதையும் அவரிடம் நேரே சொல்ல வழியில்லாமல் பக்கத்து வீட்டு ராஜலட்சுமியிடம் சொல்லி அனுப்பினாள். தாய் செத்தபோது வராத மகளோடு எனக்கென்ன பேச்சு என்று அவர் போனை எடுப்பதையே விட்டிருந்தார். டிக்கெட் கிடைக்கவில்லை, வயிற்றில் பிள்ளை என்று யார் யாரோ வந்து சொன்னார்கள். அவர் யார் சொல்வதையும் நம்பிப் பழக்கமில்லாதவர். அந்தப் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இப்போது ஓடுகிறதாம். அதுவும் ராஜலட்சுமி சொல்லித்தான் தெரியும்.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே. ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும்போது அவருக்குத் திடுக்கென்று விழிப்பு வரும், யாரோ பேசிக்கொண்டிருந்து நிறுத்தியது போல. தட்டு கழுவினால் அந்தச் சத்தம் மூன்று அறைக்கும் போய்த் திரும்பி வரும். இந்தத் தை மாசத்திலிருந்து போன் அடித்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது அடித்து ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். எடுக்கத்தான் கை வரவில்லை.

வழிகாட்டி ஷர்லி காலையிலேயே சொல்லிவிட்டாள். மணல்மேல்குடிப் பக்கத்துப் பெண். "நடை முடிஞ்சு வேனுக்குப் போனதும் ஒங்க மகளுக்கு வீடியோ கால் போட்டுத் தாரேன் ஐயா. அவங்க எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்."

"பாப்போம்" என்றார் விறைப்பாக. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து வாய்க்குள் அவர் அடுக்கிக்கொண்டு வந்தது ஒரே விஷயத்தைத்தான். என்ன சொல்லி ஆரம்பிப்பது? 'சாப்பிட்டியா தாயி' என்றால் போதும். மிச்சத்தை அவள் பேசிக்கொள்வாள்.

முன்னால் நடந்த ஜெபக்குமார் கீரனூர்க்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாத மனுஷன். அவருக்கும் முன்னால் சென்னையிலிருந்து வந்த ரம்யாவும் அவள் புருஷன் பிரவீன்குமாரும். எல்லாருக்கும் முன்னால் ஷர்லி, ஆரஞ்சு நிறச் சட்டையில்.

"என்னங்க, பொழுதுக்கும் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க?" என்றார் ஜெபக்குமார். "சம்சாரத்தத் தொலைச்சுட்டீங்களா?"

"தொலைச்சுத்தான் ரெண்டு வருசமாச்சு."

ஜெபக்குமார் முன்னால் திரும்பிக் காலை எட்டிப் போட்டார்.

வழியில் ஓர் ஓடை ஏறிக் கிடந்தது. கடல் தண்ணீர் உள்ளே வந்து, நடந்து தாண்டுகிற இடமெல்லாம் இடுப்பளவு ஆகியிருந்தது. சுற்றித்தான் போக வேண்டும் என்று ஷர்லி காட்டோரமாகத் திருப்பினாள். அதனால்தான் பொழுது சாய்ந்தும் அவர்கள் ரோட்டைத் தொடவில்லை. மேகம் வேறு இறங்கிக்கொண்டு, இருட்டு மேலிருந்து வராமல் சேற்றிலிருந்து எழும்புவது மாதிரி முழங்காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, முன்னால் போகிறவர்களின் முதுகைப் பிடித்தது. தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது.

"யாரும் டார்ச் அடிக்காதீங்க, கண்ணு கூசி உளைச்சேத்துல கால வச்சுருவீங்க" என்று ஷர்லி சத்தம் கொடுத்தாள். "முன்னாடி போறவங்க கால் வச்ச எடத்துலயே வைங்க. நான் அப்பப்ப பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு தடவதான் கூப்பிடுவேன். இருக்கேன்னு சொல்லிருங்க, திரும்பிப் பாக்காமப் போயிட்டே இருப்பேன்."

பகலிலும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள், அவரும் பதில் சொன்னார். ஆனால் இப்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு, வெட்டவெளியில், முகம் தெரியாமல் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்கக் கூடாது. மனுஷர் என்றால் மூன்று தடவை கூப்பிடுவார்கள், மற்றது ஒரு தடவைக்கு மேல் கூப்பிடாது. அவர் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன காலமெல்லாம் அவர் இதை மீறினதில்லை.

"ரம்யா!"

"இருக்கேன்."

"பிரவீன்!"

"இருக்கேங்க."

"ஜெபக்குமார் சார்!"

"இருக்கேன் இருக்கேன், எங்க போகப் போறேன்!"

"ரத்தினவேல் ஐயா!"

அவர் உதட்டை மூடிக்கொண்டார். இன்னும் ரெண்டு தடவை கூப்பிடட்டும்.

"இருக்கேன்" என்றது அவருக்குப் பின்னால்.

அவர் குரல். கரகரப்பு, இழுப்பு, சொல்லின் கடைசியை விழுங்குகிற விதம், எல்லாம். ஷர்லி "சரிங்க ஐயா" என்றாள். வரிசை நகர்ந்தது.

"வாத்தியாரே, எம் பேருக்கு நீங்களா பதில் சொன்னீங்க?"

"நீங்கதானய்யா சொன்னீங்க" என்றார் ஜெபக்குமார், திரும்பாமலே. "சொன்னது மறந்துபோச்சா? நல்ல ஆளு!"

அப்போதே கத்தியிருக்கலாம். முன்னால் ஓடிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அது மகள் காதுக்குப் போகும். அவர் கால்களை வேகமாக எடுத்து வைத்தார். பின்னால் இருந்ததும் வேகமாக எடுத்து வைத்தது. அவர் கால் எடுத்த குழியில் அது கால் வைத்தது. ஒரு குழிகூடத் தவறவில்லை. பாசி வாடை இப்போது கடல் பக்கமிருந்து வரவில்லை. அவர் தோளுக்கு மேலிருந்து வந்தது, சூடாக.

அடுத்த தடவை பதில் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். ஊராவது வழக்கமாவது. வாயைத் தயாராக வைத்துக்கொண்டே நடந்தார்.

"ரத்தினவேல் ஐயா!"

வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

"இருக்கேன் தாயி" என்றது அவருக்குப் பக்கத்தில். "நீ போ, நான் வாரேன்."

அவர் திரும்பவும் முயன்றார். தொண்டை நோக, நரம்பு புடைக்க. நெருப்பில்லாத அடுப்பை ஊதுகிற சத்தம். அவ்வளவுதான். குரல் இருந்த இடம் வழித்துத் துடைத்தது மாதிரி இருந்தது.

அப்போது அது அவரைத் தாண்டிப் போனது.

ஓரமாக ஒதுங்கி, மரியாதையாக, பஸ்ஸில் வழிவிடச் சொல்கிறவன் போல லேசாகத் தோளைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்ட இடம் ஈரம். அவருடைய கோடு போட்ட சட்டை. அவருடைய துண்டு. மத்தியானம் உட்கார்ந்ததில் பின்பக்கம் ஒட்டிய சேற்றுத் திட்டு. தன் முதுகைத் தானே பார்த்தவன் எவனும் கிடையாது. ஆனால் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

அது ஜெபக்குமாருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. வரிசை கூடவுமில்லை, குறையவுமில்லை.

ரத்தினவேல் ஓடப் பார்த்தார். கால் வைக்கக் குழி இல்லை. அவருக்கு முன்னால் போனவர்களின் காலடி எல்லாம் மூடிக்கொண்டு, சேறு புதிதாய் மெழுகினது போல மழமழவென்று இருந்தது. ஒரு கால் முழங்கால் வரை போனது. அதை எடுக்க மற்றதை ஊன்றினார். அதுவும் போனது.

ரோடு தெரிந்தது. அவ்வளவு பக்கம். ஒரு வாய்க்கால் அகலம்தான் நடுவில். வேனின் உள்விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். ஜெபக்குமார் கை நீட்டி அதைத் தூக்கிவிட்டார்.

"மெதுவா ஐயா, படி வழுக்கும்" என்றாள் ஷர்லி.

அது திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்தது. ஷர்லி போனை அதன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெளிச்சம் அந்த முகத்தில் விழுந்தது. அவர் முகம். ஆனால் அவர் ஒருநாளும் வைத்துக்கொள்ளாத முகம். சிரித்தது.

"அப்பா?" என்றது போன். அமராவதி. ரெண்டு வருசமாகக் கேட்காத குரல். "அப்பா, பேசுவீங்களாப்பா?"

"பேசாம என்ன தாயி" என்றது. "சாப்பிட்டியா?"

அவள் அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து அழுதாள். நடுவில் ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்டது. "தாத்தாடி, தாத்தா பாரு" என்றாள்.

ரத்தினவேல் சேற்றை இரண்டு கையாலும் அறைந்தார். வேண்டாம் தாயி. அது நானில்லை. பிள்ளையை உள்ளே தூக்கிட்டுப் போ. சொல்லெல்லாம் நெஞ்சுக்குள் முட்டி மோதியது. வெளியே காற்று. வெறும் காற்று.

"எனக்கு இங்க யாரு இருக்கா" என்றது ஜன்னலோரத்தில் இருந்தது. "ஒங்கிட்டயே வந்துடறேன். என்னைக் கூப்பிட்டுக்கோ."

"வாங்கப்பா. நாளைக்கே டிக்கெட் போடுறேன். வாங்க."

"பேத்திய எம் பக்கத்துல படுக்கப் போடு."

"சரிப்பா."

கதவு மூடியது. என்ஜின் உறுமியது.

இப்போது சேறு இடுப்பில். குளிர். யாருமில்லை என்றுதான் நினைத்தார். ஆனால் பக்கத்தில் மூச்சு. ஊதுகிற சத்தம். ஓர் இடத்தில் அல்ல. இங்கிட்டு. அங்கிட்டு. அவருக்குப் பின்னாலும்.

வேன் ரோட்டில் திரும்பியது. முன்விளக்கு வெளிச்சம் காட்டைத் தடவி, வாய்க்காலைத் தாண்டி, சேற்றின் மேல் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

நின்றார்கள். ஒற்றை வரிசையில். இடுப்பளவு, மார்பளவு, சிலர் கழுத்தளவு. முதுகில் பையோடு ஒருத்தன். தொப்பியோடு ஒருத்தி. எல்லார் முகமும் ரோட்டைப் பார்த்து. எல்லார் வாயும் திறந்து.

அவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் நின்றவளைக் கடைசியாக வெளிச்சம் தொட்டது. வெயிலில் வெளுத்துச் சாயம் போன ஆரஞ்சுச் சட்டை. முடியெல்லாம் காய்ந்த பாசி. போகிற வேனையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஷர்லி.