மச்சில் வாசிக்கும் குரல்

கடன் ஆப்புக்குத் தாவீது கட்ட வேண்டிய பாக்கி ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். தோல் கிடங்கில் மூட்டை சுமந்த அலுப்போடு சாயங்காலம் தாராவிச் சந்துக்குள் வந்து செருப்பைக் கழற்றியபோது, சகாயராணி அவனை ஒருமாதிரி பார்த்தாள்.

"இம்புட்டு நேரமா மச்சுல வாசிச்சிட்டு, இப்பம் வாசல் வழியா வாரிய? பைபிள் வாசிக்கச் சொன்னா மட்டும் தொண்ட கட்டிக்கிடும்."

கேலி என்று நினைத்துச் சிரித்தான். அவள் மூலையில் தண்ணீர் புழங்கும் மோரியின் திரைக்குப் பின்னால் பாத்திரம் கழுவப் போனாள்.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் அவன். வாய்விட்டு எழுத்துக்கூட்டினால்தான் வாசிக்க வரும். கடன் வாங்கிய அன்று மச்சில் உட்கார்ந்து, ஆப் கேட்டதையெல்லாம் போனுக்கு நேராக உரக்க வாசித்து, ஈடு என்ற வரிக்கும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் சம்மதம் என்று சொல்லிச் சொல்லி அழுத்தியிருந்தான்.

தகரத்தில் மழை விழும் ஓசைக்கும், பக்கத்துப் பட்டறையின் தையல் மெஷின் இரைச்சலுக்கும், ஊறிய தோல் நாற்றத்துக்கும் நடுவே, மச்சுப் பலகைக்கு மேலிருந்து அவன் குரல் கேட்டது. அவன் தடுமாறும் இடங்களிலேயே தடுமாறி, அவன் மூச்சு வாங்கும் இடங்களிலேயே மூச்சு வாங்கி.

"ச... கா... ய... ராணி. மனைவி. பகலில் தனியாக இருப்பவள்."

போன் சட்டைப்பையில் அணைந்து கிடந்தது.

சத்தமில்லாமல் சந்துக்கு இறங்கினான். கொடுத்த அனுமதியை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டால் ஆப்காரர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கிடங்கில் இஜாஸ் சொல்லி, செட்டிங்கையும் காட்டிக் கொடுத்திருந்தான். போனை ஆன் செய்து அதைத் திறந்தான். கேமராவை நிறுத்தினான். இருப்பிடத்தை நிறுத்தினான். நம்பர்களைப் பார்க்கும் அனுமதியை நிறுத்தினான். மேலே வாசிப்பு நிற்கவில்லை.

கடைசியில் மைக்.

அழுத்தினான்.

குரல் நின்றது.

சாரலுக்காக அவள் கதவைச் சாத்திக் கொக்கி மாட்டும் சத்தம். ராணி என்று கூப்பிட வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டான். காற்று.

கதவைத் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான்.

உள்ளே அவள் மச்சைப் பார்த்துச் சொல்வது கேட்டது. "ஏங்க, யாரோ கதவத் தட்டுதாங்க."

"கடன் வசூலுக்கு வந்திருக்கான். தாழப் போட்டுட்டு மேல வாட்டி."

தாழ்ப்பாள் விழுந்தது. இரும்பு ஏணி முனகியது. ஒரு படி. இன்னொரு படி.

கையில் போன் அதிர்ந்தது. உதடு மட்டும் அசைய எழுத்துக்கூட்டினான்.

ஈடு பெற்றுக்கொண்டோம். உங்கள் கடன் தீர்ந்தது.

மேலே, அவன் குரல் அதையே வாசித்தது. இந்த முறை ஓரிடத்திலும் தடுமாறவில்லை.