கழற்றிய டிஸ்க்

மச்சானின் உயிருக்கு அவன் போட்ட விலை, கம்பெனியில் பாதிப் பங்கு. மச்சான் படியவில்லை. நேற்று சுத்தியல் பேசியது. மூன்றாவது அடியில் மண்டை உள்ளே இறங்கியது.

இன்று மதியம் சர்வர் அறைக்குத் தனியாக வந்தான். ஜன்னல் இல்லாத அறைக்குப் பகல் ஏது? மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. தரைப் பலகைகளுக்கு அடியில், கேபிள்களுக்கு நடுவே, மச்சான் கிடந்தான். என்ன ஸ்பிரே அடித்தும் ரத்தவாடை மேலே ஏறியது.

மிச்ச சாட்சி கேமராதான். அதன் பதிவெல்லாம் தனி டிஸ்க்கில் சேரும். அந்த டிஸ்க்கைப் பிடுங்கி, அதே சுத்தியலால் நொறுக்கினான்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அண்ணன் அங்க வந்தானா? போனே எடுக்க மாட்டேங்குறான்."

"உங்கண்ணன் என்னைக்கு எடுத்திருக்கான்? கடன்காரன்னு பயந்திருப்பான்."

சிரித்தபடி கேமராப் பதிவுகளின் ஃபோல்டரைத் திறந்தான். டிஸ்க் போனபின் அது காலியாக இருக்க வேண்டும்.

நேற்றைய கொலை முழுசாக இருந்தது.

மச்சான் தினமும் நச்சரிப்பான்: "மாப்ள, டிஸ்க் மவுண்ட் ஆயிருக்கா, சிஸ்டத்தோட சேந்திருக்கான்னு கேட்டுட்டு வேலையத் தொடங்கு. ஆகலன்னா எல்லாம் மெயின் டிஸ்க்குல போய் விழும்." நேற்று இவன் கேட்கவில்லை; பதிவு மெயின் டிஸ்க்கில் விழுந்திருந்தது. ஆத்திர அவசரத்தில் யார்தான் கேட்பார்கள்?

பதிவை அழித்தான். இந்த முறை ஒழுங்காக, மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று கட்டளை அடித்துக் கேட்டான்.

ஆகியிருக்கிறது, என்றது திரை.

நொறுக்கிய டிஸ்க்கின் சில்லுகள் செருப்புக்கடியில் நெறுநெறுத்தன.

கழற்று என்று அடித்தான்.

முடியாது, என்றது திரை. உள்ளே ஆள் இருக்கிறது.

யார் என்று கேட்டான். மச்சானின் லாகின் பெயர் வந்தது.

ஃபோல்டரில் ஒரே ஒரு வீடியோ. அளவு ஏறிக்கொண்டே இருந்தது. திறந்தான். இதே அறை, இதே நாற்காலி, அவன் முதுகு. முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை மெல்லத் தூக்கிக்கொண்டது.

திரும்பினான். பலகை மூடியே இருந்தது.

மேசைமேல் சுத்தியல் இல்லை.

"மாப்ள," காதருகே ஈரமாக ஒரு மூச்சு. "கேட்டுட்டியா?"

முதல் அடியில் தாடை போனது. இரண்டாவதில் கண். மூன்றாவதற்கு அவன் கத்தவில்லை; கத்த வாய் மிஞ்சவில்லை.

மாலையில் மனைவி கதவைத் தள்ளினாள். நாற்காலி காலி. பலகைகளின் இடுக்கில் ரத்தம் நுரைத்தது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கொடுத்த அடி மூன்று, வாங்கியது மூன்று. மாட்டிய டிஸ்க் ஒன்றுமில்லை. உள்ளே ஆட்கள், இரண்டு.