ஹீட்டரை அணைச்சியா?

குளியலறைக்கு வெளியே, நடைச் சுவரில் இருந்த ஹீட்டர் சுவிட்சின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராட்டோமிர் அதைக் காலையிலேயே அணைத்திருந்தான். அடுப்புக்கு அள்ளிய விறகோடு அப்படியே நின்றான். பீப்பாயில் ஊறும் முட்டைக்கோஸின் புளித்த வாடையும், ஈரச் சுண்ணாம்பின் வாடையும், அவற்றுக்கு அடியில் முடி கருகியதுபோல ஒரு மெல்லிய நெடியும் நடை முழுக்கத் தங்கியிருந்தன. முழங்கையால் சுவிட்சைத் தட்டினான். விளக்கு உடனே அணையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அணைந்தது.

"நேவெனா, ஹீட்டரை நீ போட்டியா?"

"நானா? அந்தப் பாழாப்போன பெட்டியை நான் ஏன் தொடப்போறேன்?" சமையலறையிலிருந்து அவன் மனைவி கத்தினாள். "புதுசு வாங்கித் தர்றேன்னு கல்யாணத்துக்கு முன்னாடி சொன்ன. உன் மீசையும் நரைச்சாச்சு, ஹீட்டர்தான் வரலை."

அவன் சிரிக்கவில்லை. இந்த ஊரில் ஹீட்டரை அணைக்காமல் யாரும் குளிக்க இறங்க மாட்டார்கள். உள்ளே போகிறவர் 'அணைச்சியா?' என்று கேட்பார், வெளியே இருப்பவர் 'அணைச்சாச்சு' என்பார். சாப்பாட்டுக்கு முன் சிலுவை போடுகிற கை மாதிரி, வாய் தானாகவே கேட்டுவிடும். அவனுடைய முதல் மனைவி தெசான்காவும் அப்படித்தான் கேட்டாள். ஹீட்டர் ஓடும்போது குழாயைத் தொட்டால் கை சுரீரென்று இழுக்கிறது என்பது அவனுக்கு முன்பே தெரியும். அவளிடம் சொல்லவில்லை. வீடு அவள் அப்பா கட்டியது, விவாகரத்து என்றால் அவன்தான் தெருவில் நிற்க வேண்டும், நேவெனாவோ இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே, "அணைச்சாச்சு. நீ குளி" என்றான். பிறகு குழாயைப் பற்றியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தெடுத்தான். பழைய ஹீட்டர் கொன்றுவிட்டது என்று ஊரே அழுதது. சண்டாளன், அவனும் சேர்ந்து அழுதான்.

மறுநாள் இருவரும் புது ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் க்வோஸ்தென் வாயாடி.

"அண்ணே, இந்தப் பெரிய தொட்டியைப் பாருங்க. காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் சூடு நிக்கும்."

"கரண்ட் வேண்டாம்."

"அப்ப கூரையில சோலார் வைங்க. ஆனா டிசம்பர்ல நம்ம ஊரு சூரியனைக் காணோம்னு நோட்டீஸ்தான் ஒட்டணும்."

"அதுலயும் கம்பி இருக்குமே?"

"கம்பி இல்லாம இப்ப என்னண்ணே இருக்கு? நம்ம சர்ச் மணிக்கே மோட்டார் வச்சாச்சு!"

மூலையில் தூசி படிந்து ஒரு விறகு பாய்லர் நின்றது. அடியில் அடுப்பு, மேலே நெட்டையான தொட்டி, உச்சியில் புகைக்குழாய். ராட்டோமிர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கமெல்லாம் தடவிப் பார்த்தான். எங்கேயும் கம்பி இல்லை.

"இதான்."

நேவெனா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே பொத்தானை அமுக்கிக் குளிக்குது. நான் மட்டும் கோடாலியோட குளிக்கப் போகணுமாய்யா?"

அவள் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அந்த விளக்கு தானாக எரியத் தொடங்கியதிலிருந்து, பல வாரங்களாக அவன் சமையலறையில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒரே ஒரு தடவை பயமில்லாமல் அந்த அறையில் குளித்துவிட்டால் போதும், செத்தவள் தோற்றாள், வீடு தன்னுடையது. அவன் கணக்கு அதுதான்.

பழைய ஹீட்டரை அவனே கழற்றி இரும்புக்கடையில் போட்டான். சுவிட்சுக்கு வரும் கம்பிகளை வெட்டி முனைகளில் டேப் சுற்றினான். வெறும் சுவிட்ச் மட்டும் சுவரில் நின்றது. புதுப் பாய்லர் பொருத்திய அன்று, பனி கொட்டி ஜன்னல்கள் மங்கிய சாயங்காலத்தில், சுவிட்சின் விளக்கு மறுபடியும் எரிந்தது.

வெட்டிய கம்பியில்.

ஓடிப்போய் மெயினை இழுத்தான். ஃப்ரிட்ஜ் முனகி நின்றது. வீடு இருண்டது. சுவிட்சும் இருண்டது. மெழுகுவத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டான்.

"இருட்டுல உக்கார எனக்கென்ன பைத்தியமா?" நேவெனா கோட்டை மாட்டினாள். "அக்கா வீட்டுல காபி குடிச்சிட்டு வர்றேன். நீயும் உன் விறகும் குளிங்க."

வாசல் கதவு சாத்திக்கொண்டது.

பாய்லரின் வயிற்றில் விறகுக் கட்டைகள் வெடித்தன. சுடுதண்ணீர் கழுத்தில் விழுந்து, முதுகில் இறங்கி, வாரக்கணக்கில் இறுகியிருந்த தோளை அவிழ்த்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி கண்ணை மூடினான். கை இழுக்கவில்லை. இரும்பு வெறும் இரும்பாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"செத்தவளே," என்றான் உரக்க. "இப்ப என்னடி பண்ணுவ?"

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. நேவெனா எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருப்பாள். சுடுதண்ணீர் சுகத்தில், யோசிக்காமல், பிறந்ததிலிருந்து பழகிய வாய் தானாகக் கேட்டது.

"அணைச்சியா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. கம்பியே இல்லாத பாய்லர். கரண்டே இல்லாத வீடு. எதை அணைக்க?

வாசல் கதவு திறந்த சத்தமும் கேட்கவில்லை.

காலடி நெருங்கியது. செருப்பில்லாத கால். ஈரக் கால். தரையில் சப், சப் என்று ஒட்டி ஒட்டி வந்தது.

கதவருகே நின்றது.

"அணைச்சாச்சு," என்றது தெசான்காவின் குரல். அவசரமே இல்லாத குரல். "நீ குளி."

டக்.

மெழுகுவத்தி அணைந்தது. முடி கருகும் நெடி. குழாயை விடப் பார்த்தான். விரல்கள் திறக்கவில்லை. கத்தப் பார்த்தான். தாடை பூட்டிக்கொண்டது. உள்ளங்கையில் சுரீர். பிறகு முழங்கையில். பிறகு தோளில்.

மெதுவாக. மிக மெதுவாக.

கதவின் மங்கிய கண்ணாடி முழுக்கச் சிவந்தது. அந்தச் சிவப்பில் ஒரு பெண்ணுருவம். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் உள்ளே பார்க்கவில்லை. விரலைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.