விஷால் எடுத்தது என்ன?

திங்கள், காலை 8.40. டார்ம்ஸ்டாட், ஜெர்மனி.

ஆய்வகத்தில் கால் உடைந்த இரும்பு அலமாரி குப்புறக் கிடந்தது. பக்கத்து மேசையில் இருந்த சென்சரைக் காணவில்லை. குறைமாதக் குழந்தையின் மூச்சு நின்றால் உடனே ஒலியெழுப்பும் கருவி அது. சுபத்ராவின் நான்காண்டு உழைப்பு. வியாழனன்று மருத்துவர்களுக்குக் காட்ட வேண்டியது.

அலமாரி சரிந்ததில் சுபத்ராவுக்குத் தாடை முறிந்துவிட்டது. பேச முடியாது. ஆம்புலன்சில் படுத்தபடியே ஆய்வகக் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: ‘விஷால் டுக் த பிரண்ட்’ (Vishal took the brunt).

துப்பறியும் அதிகாரி கம்சனா, பீலெஃபெல்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கதவில் ஒட்டியிருந்த ஆங்கிலப் பாதுகாப்பு அறிவிப்பை நின்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எழுதியவர் ஆய்வகப் பொறுப்பாளர் ஜென்ஸ்.

“பிரண்ட் என்றால் என்ன?” அவரிடம் ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

“அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. சென்சருக்கு அவர்கள் வைத்த பெயராக இருக்கும்,” என்றார் ஜென்ஸ். “விஷால் எடுத்தான் என்று அவளே எழுதியிருக்கிறாளே!”

விஷால் மூலையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவன். திருட்டுப் பட்டம் விழுந்தால் படிப்பும் போகும், விசாவும் போகும்.

“பயப்பிடாதேங்கோ. ஜக்கெற்றைக் கழட்டுங்கோ,” என்றாள் கம்சனா தமிழில்.

“முடியல மேடம். கையைத் தூக்க வரல.”

“ஏன்?”

“அலமாரி சுபத்ரா அக்கா மேல சாஞ்சுது. நான் குறுக்க பூந்துட்டேன்.”

“பிறகு?”

“அக்காவை ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தா சென்சர் இல்ல.”

“அப்ப இஞ்ச ஆர் நிண்டது?”

“ஜென்ஸ் மட்டும்தான்.”

ஜாக்கெட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாள். கழுத்திலிருந்து தோள்வரை கன்றிப்போய்க் கருநீலம் பாய்ந்திருந்தது.

9.25. கம்சனா ஜென்ஸை அழைத்தாள்.

“பிரண்ட் ஒரு பொருளின் பெயர் அல்ல. ஓர் அடியின் முழு வேகம். அதை ஒருவர் ‘எடுத்தார்’ என்றால் தாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். தன்மேல் விழ இருந்த அடியை விஷால் வாங்கிக்கொண்டான் என்றுதான் சுபத்ரா எழுதினாள்.”

“என் ஆங்கிலம் அவ்வளவுதான். தவறாகப் புரிந்துகொண்டேன்.”

“இல்லை.” கதவை இழுத்துத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்தாள். “‘வெடிப்பு நேர்ந்தால் பிரண்ட் முழுவதையும் இந்தக் கதவு தாங்கும்.’ மார்ச் மாதம் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டது. கேள்விப்படாத சொல்லை எப்படி இவ்வளவு சரியாக எழுதினீர்கள்?”



“நானும் உழைத்தேன். இந்தக் கருவியில் எங்கேயும் என் பெயர் இல்லை,” என்றார் ஜென்ஸ். சென்சர் அவருடைய சைக்கிள் பையில் இருந்தது.

புதன், மாலை 4.00. மருத்துவமனைக் கட்டிலில் சுபத்ரா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: ‘நாளைக்கு யார்?’

“நான் பண்றேன் அக்கா. ஒரு கை போதும்,” என்றான் விஷால்.

வியாழன், 11.05. பொம்மைக் குழந்தையின் மூச்சை நிறுத்தினார்கள். இரண்டாவது விநாடியில் சென்சர் அலறியது. முன்வரிசையில் இருந்த குழந்தை மருத்துவர் எழுந்து நின்று, “இன்னொரு முறை,” என்றார்.