வீட்டுத் தமிழில் மூன்று முறை

"இன்னாத்துக்குடி கூப்ட்ட?" என்று கேட்டுக்கொண்டே அம்மா சின்னப்பாப்பா அறைக்குள் வந்தாள். மைக்கின் முன்னால் உட்கார்ந்து பாதி வாக்கியத்தில் இருந்த கலைமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கூப்டலியே."

"கூப்ட்டியே. உப்புப் பாத்தியில நின்னுக்கினு இருந்தேன். 'அம்மா, இங்கே வா'ன்னு நியூஸ் படிக்கிறவ மாதிரி கேட்டுச்சு. உன் தொண்டைதான்."

அன்று காலை அவள் படித்த வரி அதுதான். ஆனால் படித்தது கதவைச் சாத்திக்கொண்டு. நாலு சுவரிலும் பழைய கம்பளி தொங்க, ஜன்னலில் மெத்தைப் பஞ்சு அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு, கழுத்து வியர்வை முதுகில் இறங்கும் புழுக்கத்தில் படித்தாள். இந்த அறைக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் வாசலுக்குக் கேட்காது. அம்மா நின்றது அதையும் தாண்டி, உப்பளத்துக்குள்.

"கேட்டுதுன்னா பதில் சொல்றதுதானே?"

"ரெண்டு தடவைதானே கூப்ட்ட? மூணாவது தடவை கூப்ட்டாத்தான் ஏன்னு கேக்கணும். காத்து கருப்புக்கு மூணு தடவை கூப்ட வராது. அதுவும் இல்லாம, நீ என்னிக்குடி என்னை அப்படிக் கூப்ட்ட? எம்மோவ்னு இல்ல கத்துவ?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனபிறகுதான் கலைமதி கவனித்தாள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது. வெட்டி எடுக்க அலுப்பாக இருந்தது, வேலை தந்த கிளையன்டுக்கு அப்படியே அனுப்பிவிட்டாள்.

வானூரில் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பியபோது, "தொண்டைய வெச்சுக்கினு இன்னா கிழிச்சிடப் போற?" என்று அவன் கேட்டான். கிழித்துக் காட்டினாள். சமையல் வீடியோ, பள்ளிப் பாடம், பல்பொடி விளம்பரம், எதுவானாலும் ஆன்லைனில் வேலை பிடித்துப் படித்தாள். மரக்காணத்து உப்பளத்து ஓரம் இந்த வாடகை வீடு, அரிசி, அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து, எல்லாம் அந்தத் தொண்டையில் இருந்து வந்ததுதான். உப்பு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கண் கெட்டுவிட்டது. வெயில் ஏறினால் எல்லாம் ஒரே வெள்ளை. ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரியும். வேலைக்குப் போகாதே என்றால் கேட்கிற ஆளும் இல்லை.

இந்தக் கிளையன்டுக்குப் பெயர் கிடையாது, படம் கிடையாது, வெறும் நம்பர்தான். கம்ப்யூட்டருக்குத் தமிழ் பேசக் கற்றுத்தர குரல் வேண்டும் என்றுதான் முதலில் எழுதியிருந்தது. அந்தப் பதிவு போன மறுநாள் வேறு மாதிரி எழுதியிருந்தது.

'செய்தித் தமிழ் வேண்டாம். உங்கள் வீட்டுத் தமிழில் பேசுங்கள். இனி ஒவ்வொரு வரியும் மூன்று முறை.'

கலைமதிக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கம்பளிகளுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல இருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். சுவர்தான், உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அப்போது அவளுடைய அண்ணன் சிலம்பரசன் போன் செய்தான். "அழாத கலை. வண்டி எடுத்துக்கினு வர்றேன். துணிமணிய எடுத்து வை, வானூர்ல விட்டுடறேன்."

"யாரு அழுதா?"

"இப்பத்தான பேசின? முடியலண்ணா, வந்து கூட்டிக்கினு போன்னு?"

"நான் பேசல. அழுதா உனக்குப் போன் பண்ணவும் மாட்டேன். வராதண்ணா. வந்தா வாசல்லயேதான் நிப்ப."

"இன்னா வேலைடி அது? உட்டுத் தொலையேன்."

"மாட்டேன்."

போனை வைத்தாள். பயந்து இதை விட்டால் அடுத்த பஸ் வானூருக்குத்தான், அந்த வீட்டுச் சமையலறைக்குத்தான். அதைவிடப் பெரிய பேய் எது வந்துவிடப் போகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு, வந்திருந்த வரிகளைப் படிக்க உட்கார்ந்தாள்.

எம்மோவ். மூன்று முறை.

நான்தான். மூன்று முறை.

கையப் புடிச்சுக்கோ. மூன்று முறை.

கடைசியில் ஒப்புதல் வரி. குரல் வேலை தருகிற எல்லோரும் கேட்பதுதான். மற்றவர்கள் 'என் குரலைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று எழுதுவார்கள். இதில் 'என் குரலைத் தந்துவிட்டேன்' என்று இருந்தது. வாய் ஒரு கணம் தயங்கியது. தயங்கியதே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. வேண்டுமென்றே உரக்க, மூன்று முறையும் படித்து அனுப்பினாள்.

ஹெட்போனைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். உச்சி வெயில். மற்ற ஆட்கள் எல்லாம் கரையேறிவிட்ட நேரம். தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றிருந்தது. ஈசிஆர் ரோட்டில் ஒரு பஸ் சத்தம்கூட இல்லை. கெட்டியான உப்புத் தண்ணீரின் நாற்றம் மட்டும் அசையாமல் வாசல்வரை வந்து நின்றது.

"எம்மோவ்."

அவள் குரல். உப்பளத்தில் இருந்து.

"எம்மோவ்."

அவள் தன் வாயைப் பொத்திப் பார்த்தாள்.

"எம்மோவ்."

"தோ வர்றேன்டி," என்றது அம்மாவின் குரல்.

கலைமதி ஓடினாள். செருப்பு இல்லை. வரப்பு சுட்டது. பாத்திகள் கண்ணைக் குத்தின. அம்மா ஒற்றை வரப்பில் கையை நீட்டியபடி போய்க்கொண்டிருந்தாள். எதிரில் ஒருத்தி. கலைமதியின் உயரம். கலைமதியின் நைட்டி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்.

"எம்மோவ்!"

கத்தியது கலைமதி. அம்மா நின்றாள். திரும்பவில்லை. திரும்ப மாட்டாள். இது முதல் தடவை.

"எம்மோவ்!"

குரல் பாதியாகத்தான் வந்தது. அம்மாவின் தலை லேசாகச் சாய்ந்தது. காத்திருந்தாள்.

கலைமதி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. காற்று மட்டும்.

மூன்றாவது 'எம்மோவ்' எதிரில் இருந்து வந்தது.

"வந்துட்டேன்டி, இன்னா அவசரம்?" என்று அம்மா முன்னால் போனாள்.

"நான்தான். கையப் புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டாள்.

இருவரும் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்து வந்தார்கள். ஒற்றை ஆள் வரப்பு. கலைமதி நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். வீடு அவளுடையது. அறை அவளுடையது. அம்மாவும் அவளுடையவள். குரல் போனால் போகட்டும், உடம்பு இருக்கிறது. அது தள்ளிப் பார்க்கட்டும்.

"யாரு வழியில?" அம்மா கண்ணை இடுக்கினாள். "யாருன்னு கேக்குறேன் இல்ல?"

கலைமதி அலறினாள். சத்தமே இல்லை.

"பேசாம நிக்குதுடி." அம்மா பிடித்திருந்த கையை இறுக்கினாள்.

"அது பேசாதும்மா," என்றது கலைமதியின் குரல், பாசமாக. "உப்ப அள்ளி மூஞ்சில அடி."

அம்மா பக்கத்துக் குவியலில் கை வைத்தாள். காலமெல்லாம் உப்பு அள்ளிய கை. குறி தப்பவில்லை. கண்ணில் நெருப்பு. வாயெல்லாம் உப்பு. கலைமதி துப்பினாள். காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். நகரவில்லை.

எதிரில், முகம் இல்லாத அந்த வெளிச்சத்தில் மெல்ல ஒரு வாய் திறந்தது.

"எம்மோவ், இன்னும் ஒரு கை."

அம்மா குனிந்தாள்.